பழைய தகரமும் பலகையும் கொண்டு பொன் அரிக்கும் தொட்டில்

அரிக்கன் சட்டி இல்லாத வீடு எமது கிராமங்களில் முன்னர் இருந்ததில்லை. உட்புறம் வரிவரியாகக் கீறப்பட்ட அந்த மண் சட்டியில் அரிசியைப் போட்டு, தண்ணீர் விட்டு, மெல்ல ஆட்டி ஆட்டி அடுத்த பாத்திரத்தில் வார்ப்பார்கள். அரிசி தண்ணீரோடு போய்விடும். கல் வரிகளுக்குள் தங்கிவிடும். இடம்பெயர்ந்தபோது எத்தனையோ பொருட்களை விட்டு வந்தோம். சட்டியும் அவற்றுள் ஒன்று. ஆனால் அந்தக் கைப்பழக்கத்தை எவரும் விட்டு வரவில்லை. நிவாரண அரிசியில் கல் கிடந்தபோது அலுமினியச் சட்டியிலேயே அரித்துச் சமைத்தோம்.

உலகின் பல பாகங்களில் ஆற்று மணலிலிருந்து பொன் எடுத்தவர்கள் செய்ததும் இதே வேலைதான். அவர்கள் அதற்கென ஒரு பெட்டியைச் செய்தார்கள். பழைய பலகை, தகரம், கம்பளித் துண்டு ஆகியவற்றைக் கொண்டு எவரும் அதைச் செய்யலாம். அதை எப்படிச் செய்வது, அது ஏன் வேலை செய்கிறது, அதனால் யார் வாழ்ந்தார்கள், யார் கெட்டார்கள் என்பவற்றை இப்பாடத்தில் படிப்போம்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நிலமும் தொழிலும் இழந்து நிற்கும் குடும்பங்களிடம் 'ஆற்றில் பொன் இருக்கிறது, இந்த இயந்திரத்தை வாங்கினால் போதும்' என்று சொல்லி வருபவர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். ஒரு கருவியைத் தானே செய்து பார்த்தவனை இப்படி ஏமாற்றுவது கடினம். அது எவ்வளவு செய்யும், எவ்வளவு செய்யாது என்பது அவனுக்குத் தெரியும்.

பாரமும் இலேசும்

ஒரு லீற்றர் போத்தலில் தண்ணீரை நிரப்பினால் அதன் நிறை 1 கிலோ. அதே அளவு இடத்தை வெண்கல் மணல் இடைவெளியின்றி நிரப்பினால் 2.65 கிலோ, இரும்பு என்றால் 7.8 கிலோ, ஈயம் என்றால் 11.3 கிலோ, சுத்தப் பொன் என்றால் 19.3 கிலோ. அதாவது ஒரே பருமனுள்ள மணலைவிடப் பொன் ஏழு மடங்குக்கு மேல் பாரமானது.

மலைப் பாறைகளில் நூலிழைபோல ஓடும் பொன், பாறை உக்கி உடையும்போது வெளியே வந்து மழை வெள்ளத்தோடு ஆற்றில் சேர்கிறது. வெள்ளம் வேகமாக ஓடும் இடத்தில் எல்லாமே ஓடும். வேகம் குறையும் இடத்தில் பாரமானது முதலில் கீழே போகும். ஆகவே ஆறு வளையும் இடத்தின் உட்கரை, பெரிய கற்களின் பின்புறம், அடிப்பாறையின் வெடிப்புகள் ஆகிய இடங்களிலே அது தங்கும்.

பொன் மட்டும் அங்கு தங்குவதில்லை. பாரமான வேறு கனியங்களும் சேரும். புல்மோட்டைக் கரையில் நாம் காணும் கறுப்பு மணல் இதற்கு நல்ல உதாரணம். இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கன் ஆகிய பாரமான கனியங்களைக் கடல் அலையே அரித்து அங்கு ஒதுக்கியிருக்கிறது. பொன் அரிப்பவர்கள் கறுப்பு மணலைக் கண்டால் கவனமாகப் பார்ப்பார்கள். ஆனால் கறுப்பு மணல் உள்ள இடமெல்லாம் பொன் இருக்கும் என்று நினைப்பது தவறு. பாரமானவை ஒதுங்கும் இடம் அது என்பது மட்டுமே அதன் பொருள்.

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று நாம் சொல்வது இவ்விடத்தில் மெய்யாகிறது. காக்காய்ப்பொன் என்னும் மைக்கா தட்டையாக மின்னும். தண்ணீரை ஆட்டினால் மிதந்து ஓடிவிடும். மஞ்சளாக மின்னும் இரும்புக் கந்தகக் கல்லைச் சுத்தியலால் தட்டினால் உடைந்து தூளாகும். பொன்னைத் தட்டினால் உடையாது, தகடாகும். நிழலில் பிடித்துப் பார்த்தாலும் பொன்னின் நிறம் மாறாது.

கலிபோர்னியாவில் நடந்தது

1848ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கொலோமா என்னும் இடத்தில், மரம் அரியும் ஆலைக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் தண்ணீருக்குள் பொன் துணுக்குகளைக் கண்டார். செய்தி பரவியது. அடுத்த ஆண்டில் உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கு குவிந்தனர்.

முதலில் வந்தவர்கள் வட்டமான தகரத் தட்டில் மணலை அரித்தனர். குளிர்ந்த ஆற்றுக்குள் நாள் முழுவதும் குந்தியிருக்க வேண்டும். முதுகு முறியும்; கால் விறைக்கும். ஜோர்ஜியாவில் பொன் அரித்துப் பழகிய ஐசாக் ஹம்ப்ரி என்பவர் அங்கு வந்து, தொட்டில் போல ஆட்டும் ஒரு மரப் பெட்டியைச் செய்து காட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் கிடைத்த பலகையில் செய்தனர். ஒருவர் மண் அள்ள, ஒருவர் ஆட்ட, இருவர் சேர்ந்து நாளொன்றுக்கு 3 முதல் 5 கன யார் வரை சரளை கழுவ முடிந்தது. தட்டினால் இதில் ஒரு சிறு பங்கைத்தான் செய்ய முடியும்.

இந்த யோசனை புதியதல்ல. கருங்கடலின் கிழக்குக் கரையில் வாழ்ந்த மக்கள் துளையிட்ட தொட்டிகளையும் ஆட்டுத் தோலையும் ஆற்றில் வைத்துப் பொன்னைப் பிடித்ததாக இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஸ்திராபோ என்னும் கிரேக்கர் எழுதியுள்ளார். தோலின் உரோமம் எதைச் செய்ததோ அதையே எமது அரிக்கன் சட்டியின் வரிகளும் செய்கின்றன. ஓடும் தண்ணீரின் வேகத்தை ஒரு சிறு இடத்தில் குறைத்து, பாரமானதைப் பதுங்க வைக்கின்றன.

அந்தக் காலத்தில் பெரும் பணம் பண்ணியவர்களில் ஒருவர் சாமுவேல் பிரனன் என்னும் கடைக்காரர். ஊரிலிருந்த தட்டுகளையும் மண்வெட்டிகளையும் அவர் முன்கூட்டியே வாங்கிக் குவித்துக்கொண்டார். சில சதங்களுக்கு வாங்கிய தட்டைப் பல டொலருக்கு விற்றதாகச் சொல்வார்கள். மண்ணைக் கிண்டியவர்களில் பெரும்பாலோர் வந்தபடியே திரும்பினர்.

தேவையான பொருட்கள்

பொதிப் பெட்டிகளின் பலகை, ஒரு எண்ணெய்த் தகரம், பழைய கூடாரத் துணி அல்லது படங்குத் துண்டு, பழைய கம்பளி அல்லது தும்புக் கால்மிதி, சிறிய மரச் சட்டங்கள், ஆணி, ஒரு கைபிடித் தடி. வாளி இரண்டு, தண்ணீர் வார்க்க ஒரு பேணி.

பழைய பொருள் தேடப் போகுமுன் சில எச்சரிக்கைகள். யுத்தம் நடந்த பகுதிகளில் பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையையும் காலையும் உயிரையும் இழந்தவர்கள் பலர். யுத்தம் 2009இல் முடிந்த பின்னரும் மண்ணுக்குள் வெடிபொருட்கள் கிடந்தன. அகற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. இன்னதென்று தெரியாத உலோகப் பொருளைத் தொட வேண்டாம், தட்ட வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். இடத்தை அடையாளம் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளைப் பழைய இரும்பு பொறுக்க அனுப்பவே கூடாது.

பெற்றோல் இருந்த பீப்பாவை உளியாலோ நெருப்பாலோ வெட்டக் கூடாது. வெறுமையாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கும். கிருமிநாசினி இருந்த தகரத்தை எந்த வேலைக்கும் எடுக்க வேண்டாம். அஸ்பெஸ்டஸ் கூரைத் துண்டை அரியவும் உடைக்கவும் வேண்டாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

செய்யும் முறை

1. அடிப்பெட்டி. உட்புறம் 42 அங்குல நீளமும் 16 அங்குல அகலமும் உள்ள பெட்டி. பின்புறம் மூடியிருக்கும்; முன்புறம் திறந்திருக்கும். பக்கப் பலகைகள் பின்புறத்தில் 16 அங்குல உயரம். பின்னிருந்து 22 அங்குலம் வரை அதே உயரத்தில் வந்து, பிறகு சரிந்து முன்முனையில் 4 அங்குலமாகக் குறையும். தரைக்குக் கூடியமட்டும் ஒரே பலகையைப் பயன்படுத்துங்கள். பொருத்து வந்தால் பழைய துணியைத் தாரில் தோய்த்து இடுக்கை அடையுங்கள். இடுக்கு இருந்தால் பிடிக்க நினைப்பது அதன் வழியாகவே போய்விடும்.

2. மேற்பெட்டி. 20 அங்குல நீளம், 15½ அங்குல அகலம், 5 அங்குல உயரம். இதன் அடிக்கு எண்ணெய்த் தகரத்தைத் தட்டித் தட்டையாக்கிப் பொருத்துங்கள். தகரத்தில் 2 அங்குலத்துக்கு ஒன்றாக அரை அங்குலத் துளைகள் இடவேண்டும். துளையை மேலிருந்து கீழாகக் குத்துங்கள். அப்போது பிசிறு கீழ்ப்பக்கமாக நிற்கும். கல்லும் மாட்டாது, கையும் வெட்டாது. அடிப்பெட்டியின் பின்பகுதியில், மேல் விளிம்பிலிருந்து 5 அங்குலம் கீழே உட்பக்கமாகச் சட்டம் அடித்து, அதன்மேல் மேற்பெட்டியை வைக்கவேண்டும். தூக்கி எடுக்கக்கூடியதாக இருக்கட்டும்.

3. சரிவுத் துணி. நான்கு சட்டங்களால் ஒரு சட்டகம் செய்து அதில் கூடாரத் துணியை அடியுங்கள். இழுத்து இறுக்க வேண்டாம். நடுவில் சற்றுத் தொய்ந்து பைபோல இருக்கட்டும். மேற்பெட்டிக்குக் கீழே, முன்பக்கம் உயர்ந்தும் பின்பக்கம் தாழ்ந்தும் இருக்கும்படி இதைச் சரித்து வையுங்கள். பின்சுவருக்கும் துணிக்கும் இடையில் 2 அங்குல இடைவெளி விடுங்கள். துளைகளால் விழும் மணல் இந்தத் துணிமேல் பின்னோக்கி வழிந்து, இடைவெளியால் தரைக்கு இறங்கி, அங்கிருந்து முன்னோக்கி ஓடும். பிடிபடுவதில் பெரும்பகுதி இந்தத் தொய்விலேயே தங்கும்.

4. வரிச் சட்டங்கள். தரையில் கம்பளியை அல்லது தும்புக் கால்மிதியை விரித்து, அதன்மேல் குறுக்காக நான்கு சட்டங்களை 6 அங்குல இடைவெளியில் வையுங்கள். ஒவ்வொன்றும் 1 அங்குல அகலம், முக்கால் அங்குல உயரம். ஆணி அடித்து நிலையாக்க வேண்டாம். இரு கரையிலும் நெடுஞ்சட்டம் வைத்து ஆப்பு இறுக்கினால், கழுவும்போது கழற்றலாம். அரிக்கன் சட்டியின் வரி இதுதான்.

5. ஆட்டுகட்டை. பெட்டியின் அடியில் பின்னுக்கு ஒன்றும் முன்னுக்கு ஒன்றுமாக இரு பலகைகளைக் குறுக்கே பொருத்துங்கள். ஒவ்வொன்றின் அடி விளிம்பையும், நடுவில் 5 அங்குல உயரமும் முனைகளில் 3 அங்குல உயரமும் வரும்படி வளைவாகச் சீவவேண்டும். நடுவில் ஒரு தடித்த ஆணியை வெளியே நீட்டி அடியுங்கள். நிலத்தில் வைக்கும் இரு பலகைகளில் துளையிட்டு இந்த ஆணிகளை அதற்குள் விட்டால், பெட்டி ஆடும், நழுவாது.

6. கைபிடி. பக்கப் பலகையில் ஒரு தடியை நிமிர்த்தி இறுக்குங்கள். இருந்தபடியோ நின்றபடியோ ஆட்டுவதற்கு ஏற்ற உயரத்தில் அது இருக்கட்டும்.

சரிவு வைப்பது எப்படி

பின்பக்கத்துப் பலகை முன்பக்கத்தைவிட 2 முதல் 4 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். பருமனான சரளைக்குச் சரிவு கூடவும், மென்மையான மணலுக்குக் குறையவும் வையுங்கள்.

நாம் ஓரிடத்தில் சில குடும்பங்களோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்தபோது, வேலை விரைவில் முடியட்டும் என்று சரிவைக் கூட்டி வைத்துவிட்டோம். தண்ணீரும் தாராளமாக வார்த்தோம். மணல் முழுவதும் ஒரு நொடியில் ஓடிற்று. சட்டங்களைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே அனேகமாக ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டு நின்ற ஒரு வயதான அம்மா, "தம்பியவை, அரிக்கன் சட்டியை உப்பிடிக் கவிழ்த்தா கல்லும் சோத்துக்கைதானே வரும். ஆறுதலா ஆட்டுங்கோ" என்றார். அவர் சொன்னபடி சரிவைக் குறைத்து, தண்ணீரை ஒரே சீராக வார்த்தபின்னரே பெட்டி வேலை செய்தது. புத்தகம் பார்த்துச் செய்த எமக்கு அன்று பாடம் சொன்னவர் அவர்தான்.

பரீட்சித்துப் பார்த்தல்

பொன் இல்லாமலே பெட்டியைப் பரீட்சிக்கலாம். மெல்லிய கட்டுக்கம்பியை 2, 3 மில்லிமீற்றர் துண்டுகளாக வெட்டி, 20 துண்டுகளை எண்ணி ஒரு வாளி மணலில் கலந்துவிடுங்கள். பெட்டியின் முன்முனைக்குக் கீழே ஒரு பாத்திரம் வைத்து, வெளியே வரும் மணல் முழுவதையும் பிடியுங்கள். ஆட்டி முடிந்தபின், பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைப் பழைய துணியில் சுற்றி, உள்ளே நின்ற துண்டுகளையும் வெளியே போனவற்றையும் வேறுவேறாக எண்ணுங்கள்.

18 துண்டுகளுக்கு மேல் உள்ளே நின்றால் பெட்டி நன்று. பாதிக்குமேல் வெளியே போயிருந்தால் சரிவையோ தண்ணீரையோ குறையுங்கள். சட்டங்களுக்கிடையில் மணல் கல்லாக இறுகி நின்றால் தண்ணீர் போதாது, அல்லது ஆட்டு மெதுவாக இருக்கிறது. இரும்பு பொன்னைவிட இலேசானது. ஆகவே இரும்புத் துண்டைப் பிடிக்கும் பெட்டி அதே பருமனும் வடிவமும் உள்ள பொன்னை விடாது.

கையாளும் முறை

மேற்பெட்டியில் ஒரு வாளி சரளையைப் போடுங்கள். ஒரு கையால் ஆட்டிக்கொண்டு மறுகையால் பேணியால் தண்ணீரை வாருங்கள். தண்ணீர் நிற்கவும் கூடாது, பாய்ந்து அடிக்கவும் கூடாது. களிமண் கட்டி இருந்தால் முன்னரே வாளியில் ஊறவைத்துப் பிசைந்து கரையுங்கள். கட்டி கரையாமல் உருண்டால் உள்ளே உள்ளதையும் ஒட்டிக்கொண்டு போய்விடும். மேற்பெட்டியில் எஞ்சும் கற்களைப் பார்த்துவிட்டு வீசலாம்.

இந்தப் பெட்டிக்குத் தண்ணீர் குறைவாகவே வேண்டும். வெளியேறும் நீரை ஒரு தொட்டியில் தேக்கித் தெளியவிட்டால் மீண்டும் பயன்படுத்தலாம். சேற்று நீரை ஆற்றுக்குள் விடாமலும் இருக்கலாம்.

வேலை முடிவில் சரிவுத் துணியையும் கம்பளியையும் சட்டங்களையும் ஒரு வாளியில் அலசி எடுங்கள். அந்த மண்ணை ஓர் எனாமல் கோப்பையிலோ தட்டையான முகம்கழுவும் பேசினிலோ இட்டு, தண்ணீருக்குள் பிடித்து வட்டமாக ஆட்டி, மேல்மணலைச் சிறிது சிறிதாக வடியவிடுங்கள். பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. எண்ணெய் பட்ட பொன்துகள் பாரமாக இருந்தும் நீர்மேல் மிதந்து போய்விடும். முதலில் சவர்க்காரம் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கடைசியில் எஞ்சும் கறுப்பு மணலைக் காயவைத்துக் காந்தத்தால் ஒரு பகுதியை ஒதுக்கலாம்.

இரசத்தைத் தொட வேண்டாம்

மென்மையான பொன்துகளைப் பிடிக்க இரசம் சேர்க்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. இரசம் பொன்னோடு ஒட்டி உருண்டையாகும். அதைச் சூடாக்கினால் இரசம் ஆவியாகப் போய்ப் பொன் மிஞ்சும். அந்த ஆவியைச் சுவாசிப்பவரின் நரம்புகளும் சிறுநீரகமும் கெடும். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள குழந்தையையும் அது பாதிக்கும். ஆற்றில் விழுந்த இரசம் மீனில் சேர்ந்து, மீனை உண்பவரிடம் வரும். கலிபோர்னியாவில் அன்று கொட்டிய இரசம் 150 ஆண்டுகளுக்கு மேலாகியும் சில ஆறுகளின் மீன்களில் காணப்படுகிறது.

யப்பானில் மினமாற்றா என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையின் கழிவிலிருந்த இரசத்தால் மக்கள் நோயுற்றது 1956இல் வெளிவந்தது. அவ்வூரின் பெயரிலேயே இரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் பெங்குவெற் பகுதியில் சிறு பொன் தொழிலாளர் இரசத்தை விட்டு, வெண்காரத்தைக் கொண்டு உருக்கியெடுக்கும் முறையைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகின்றனர். எமது நகைத் தொழிலாளருக்கும் வெண்காரம் நன்கு பழக்கமான பொருளே.

கணக்குப் பார்ப்போம்

ஒரு கன யார் என்பது 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம். அந்த அளவு சரளை ஒரு தொன்னுக்கு மேல் நிறையுள்ளது. ஓர் ஆற்றில் கன யாருக்கு 0.1 கிராம் பொன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவர் நாளொன்றுக்கு 4 கன யார் கழுவி, ஒரு துகளும் தப்பாமல் பிடித்தால் 0.4 கிராம். 8 கிராம் கொண்ட ஒரு பவுணுக்கு 20 நாட்கள். அதற்குள் நூறு தொன்னுக்குக் குறையாத மண்ணை வாரிக் கொட்டியிருப்பார்கள். இது பொன் உள்ள ஆற்றின் கணக்கு. இல்லாத ஆற்றில் 20 நாள் கூலியும் போய்விடும், இடுப்பும் போய்விடும். எவராவது இயந்திரம் விற்க வந்தால், 'கன யாருக்கு எவ்வளவு? யார் பரீட்சித்தது? எங்கள் கண்முன்னே எங்கள் மண்ணில் அரித்துக் காட்டு' என்று முதலில் கேளுங்கள்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நல்லது. இலங்கையில் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி கனியங்களைத் தேடவும் தோண்டவும் விற்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். காணி எமதாயினும் அதன் கீழுள்ள கனியம் எமதாகிவிடாது. இரத்தினக்கல்லுக்கு 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வேறு அனுமதி வேண்டும். அனுமதியின்றி ஆற்றங்கரையைக் கிண்டி வழக்கில் மாட்டினால், கருவி பறிபோவதோடு குடும்பத்தின் நிம்மதியும் போய்விடும்.

கீழே இருந்த கமக்காரர்கள்

கலிபோர்னியாவின் கதைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. கமம் செய்பவர்களாகிய எமக்கு அதுவே முக்கியமானது.

தொட்டிற் பெட்டியால் எடுக்கக்கூடியது குறைந்தபின், பணமுள்ள கம்பனிகள் வந்தன. 1853 அளவில், குழாயில் தண்ணீரைப் பாய்ச்சி மலைச்சரிவுகளையே கரைக்கும் முறை தொடங்கியது. கரைந்த மண்ணும் சரளையும் ஆறுகளில் இறங்கின. யூபா ஆற்றின் படுக்கை உயர்ந்தது. மழைகாலத்தில் ஆறு கரைமீறி, கீழேயிருந்த கோதுமை வயல்களிலும் பழத்தோட்டங்களிலும் மணலைப் பரப்பியது. 1875இல் மேரிஸ்வில் என்னும் பட்டினமே வெள்ளத்தில் மூழ்கியது. பொன் எடுத்தவர் ஒருவர்; நிலம் இழந்தவர் வேறொருவர்.

கமக்காரர் சங்கமாகச் சேர்ந்தனர். தனித்தனியே முறையிட்டுக் கிடைக்காததைக் கூட்டாக நீதிமன்றத்தில் கேட்டனர். 1884 ஜனவரியில் நீதிபதி லொரென்சோ சோயர், மண்ணை ஆற்றில் தள்ளும் அந்த முறையைத் தடைசெய்து தீர்ப்பளித்தார். ஆனால் மூடுண்ட வயல்கள் பல திரும்பவில்லை.

அவர்களுக்கும் முன்னர் அந்நிலத்தில் வாழ்ந்த பூர்வ குடிகளின் கதை இன்னும் கொடியது. 1848இல் ஏறத்தாழ 150,000 பேராக இருந்தவர்கள், கொலையாலும் நோயாலும் பட்டினியாலும் 1870 அளவில் ஏறத்தாழ 30,000 பேராகக் குறைந்தனர். பொன் இருந்ததனாலேயே அவர்கள் தம் நிலத்திலிருந்து துரத்தப்பட்டார்கள். துரத்தப்படுவது என்னவென்று எமக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மேலே ஒருவர் ஆற்றைக் கிண்டினால் கீழே ஒருவரின் வயல் கெடும். ஆற்று மணல் அகழும் இடங்களில் கரை இடிவதையும் கிணறுகளில் நீர்மட்டம் இறங்குவதையும் எம்மிற் பலர் கண்டிருக்கிறோம். தோண்டிய குழியை மூடாமல் விட்டால் அதில் நுளம்பு பெருகும். இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அந்த நிலையைக் காப்பதில் ஒவ்வொரு குழிக்கும் பங்கு உண்டு.

இப்போது செய்யக்கூடியது

இந்தப் பெட்டியை ஒரு பாடமாகச் செய்யுங்கள். பிள்ளைகளுக்குப் பாரமும் இலேசும் பற்றி இதைவிட நல்ல பாடம் இல்லை. மேற்பெட்டியை மட்டும் தனியே செய்தால் கூட்டெரு அரிக்கவும், சீமெந்து வேலைக்கு மணலிலிருந்து கல்லை ஒதுக்கவும் உதவும்.

இதே பாரமும் இலேசும் விதைநெல்லிலும் பயன்படும். 10 லீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உப்பைக் கரையுங்கள். ஒரு நல்ல கோழிமுட்டையை அதில் விட்டால், அதன் மேற்பகுதி ஒரு நாணயத்தின் அளவுக்கு வெளியே தெரிந்து மிதக்க வேண்டும். மிதக்காவிட்டால் இன்னும் சிறிது உப்புச் சேருங்கள். விதைநெல்லைக் கொட்டிக் கிளறுங்கள். சப்பியும் அரைமணியும் மேலே வரும், அவற்றை வழித்துவிடுங்கள். அடியில் தங்கும் மணியை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, முளைக்கட்டவோ உலர்த்தவோ செய்யலாம். இரவல் காணியில் அரை ஏக்கர் விதைக்கும் குடும்பத்துக்கும் இது இன்றே பயன்படும். இதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. கீழேயுள்ள எவருடைய வயலும் கெடாது.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. எமது வீட்டிலும் வயலிலும் பாரத்தையும் இலேசையும் கொண்டு பிரித்தெடுக்கும் வேலைகள் எவை? சுளகு, அரிக்கன் சட்டி தவிர வேறு எவற்றைச் சொல்லலாம்?

2. எமது பகுதியில் ஆற்றையோ குளத்தையோ கிண்டுவதால் யாருக்கு வருமானம்? யாருக்கு நட்டம்? நட்டப்படுபவர்கள் ஒன்றுசேர்ந்து பேசியதுண்டா?

3. விரைவில் பணம் வரும் என்று சொல்லி எமது மக்களிடம் விற்கப்பட்ட பொருட்கள் எவை? அவற்றை வாங்குமுன் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எவை?

4. இப்பெட்டியைச் செய்து கட்டுக்கம்பித் துண்டுகளால் பரீட்சித்த குழுக்கள், 20இல் எத்தனை உள்ளே நின்றன, சரிவு எத்தனை அங்குலம் என்பவற்றை எழுதிவைத்து அடுத்த கூட்டத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் குழுவில் வயதான அம்மா ஒருவர் இருந்தால், ஆட்டத் தொடங்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.